பக்கத்து வீட்டுத் திராட்சைக் கொடி

சீதேவிப்பிள்ளை அறுவடைக்குப் புறப்பட்டபோது அவளுடைய வீடு ஒரு பூவேலையும் இல்லாமல் மொட்டையாக இருந்தது. வாவிக்கு அக்கரையில் இருந்த வயல்வட்டையில் புருசனோடு வாடிக் குடிசை போட்டுத் தங்கி, நெல்லை வெட்டிச் சூடடித்து, தலையில் ஒரு மூட்டையும் இடுப்பில் ஒரு பானையுமாகத் தோணியில் திரும்பி வந்தபோதும் வீடு மொட்டையாகவே நின்றது. பக்கத்து வீடுதான் கல்யாணப் பெண் மாதிரிச் சோடித்துக்கொண்டு நின்றது.

யன்னல்களைச் சுற்றி அழகான விளிம்பு ஓடியிருந்தது. கூரைக்குக் கீழே இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை சீமெந்தில் ஒரு திராட்சைக் கொடி, குலை குலையாகப் பழங்களோடு. வாசலின் தலைமாட்டில் தாமரை. தாமரைக்கு இரண்டு பக்கமும் அன்னங்கள். அன்னம் வேண்டுமென்று அவள்தான் சொல்லியிருந்தாள். வந்து உட்கார்ந்திருந்தவை என்னவோ வாவியில் நீந்துகிற தாராக்கள் மாதிரித்தான் இருந்தன. நோபேட் மேசன் சாரத்தின் மேல் நின்று, கடைசித் தாராவின் மூக்கை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் அவருக்கு முகமெல்லாம் பல்.

"எப்பிடி அக்கா? சொன்னதுக்கு மேலதான் செஞ்சிரிக்கன். பொறகு மேசன் ஏமாத்திட்டான் எண்டு சொல்லப்படாது."

சீதேவிப்பிள்ளை பானையை மெதுவாக இறக்கி வைத்தாள். அப்படி வைத்ததால் பானை தப்பியது.

"மேசன், இது ஆர்ர வீடு?"

"இதென்ன கேள்வி? உங்கட வீடுதான்."

"என்ட வீடு அது" என்று பக்கத்தைக் காட்டினாள்.

நோபேட் சாரத்தின் மேலிருந்தே அந்த வீட்டைப் பார்த்தார். பிறகு இந்த வீட்டைப் பார்த்தார். பார்த்து என்ன பயன்? சீமெந்துக் கொடியை எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே வீடுதான்.

கடல் வந்து பெரியகல்லாற்றை அள்ளிக்கொண்டு போனபிறகு வெளிநாட்டு நிறுவனம் ஒன்று வாவிக்கரையில் கட்டிக் கொடுத்த வீடுகள் அவை. அதே கதவு, அதே யன்னல், அதே வெளிர்பச்சை. செங்கல் அறுப்பதுபோல ஒரே அச்சில் அறுத்து வரிசையாக வைத்திருந்தார்கள். இலக்கம் எழுதியிருந்தார்கள்தான், முதல் மாரியிலேயே அது கரைந்து போய்விட்டது. குடித்துவிட்டு வருகிறவர்கள் மட்டுமல்ல, வாழ்நாளில் குடியாதவர்களும் அந்த வருசம் வீடு மாறி ஏறி ஏச்சு வாங்கினார்கள். ஒவ்வொரு வீட்டு வாசல் பக்கத்திலும் கொடுத்தவர்களின் பெயர் வெட்டிய கறுப்புக் கல் ஒன்று பதித்திருந்தது. இன்னார் தந்த வீடு என்று வருகிறவன் போகிறவன் எல்லாம் வாசித்துவிட்டுத்தான் உள்ளே வருவான்.

"மணல் இந்த வளவிலதானே கிடந்த" என்றார் நோபேட். "மணலக் கண்டா நான் வேலையத் தொடங்கிருவன். வீடும் பூட்டிக் கிடந்த. வட்டைக்குப் போறன், வீடு பூட்டித்தான் கிடக்கும் எண்டு நீங்கதானே சொன்ன?"

அது உண்மை. மணல் அந்த வளவில் கிடந்ததும் உண்மை. டிரக்டர்காரன் மணலோடு வந்த அன்று அவள் தன் முற்றத்தில் அவித்த நெல்லைக் காயப் பரப்பியிருந்தாள். நெல்லுக்குள் மணல் விழுந்தால் யார் உட்கார்ந்து பொறுக்குவது? சும்மாதானே கிடக்கிறது, அந்த வளவில் கொட்டு என்று கைகாட்டியவள் அவளேதான். இந்த நினைப்பு வந்ததும் அவளுக்குக் கோபம் இரண்டு மடங்கானது. தன் பிழை என்று தெரிந்தபிறகு வருகிற கோபம் சாமானியத்தில் அடங்காது.

"உடைங்க" என்றாள். "உடைச்சு எடுத்து என்ட வீட்டில ஒட்டுங்க."

"இது என்ன ஸ்டிக்கரா அக்கா? செவரைக் கொத்தி, சீமெந்துப் பால் அடிச்சு, புடிக்க வெச்சது. எடுத்தா செவரோடதான் வரும். தூளாத்தான் வரும்." சாரத்திலிருந்து இறங்கி வந்து தலையைச் சொறிந்தார். "என்னிலயும் பிழை இரிக்கி. ஒருத்தரிட்டக் கேட்டிருக்கலாம். எங்கட மாதா கோயில் திருநாள் வேலை கையில இரிக்கி. அதை முடிச்சிட்டு வந்து உங்கட வீட்டுக்கும் இதே மாதிரிச் செஞ்சு தாறன்."

"வெள்ளிக்கிழமை மாப்பிளை பகுதி வீடு பாக்க வாறாங்க, மேசன்!"

நோபேட் தகர அச்சுகளைக் கழுவிச் சாக்கில் கட்டிக்கொண்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு போய்விட்டார்.

எதிர்வீட்டு மக்டலின் இவ்வளவையும் தன் வளவின் கடப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடமும் சீதேவிப்பிள்ளை ஒரு பாட்டம் பாய்ந்தாள். "கண்ணு முன்னால இந்தக் கூத்து நடந்திருக்கி. ஒரு வார்த்தை கேட்டியாகா நீ?"

மக்டலின் நிலத்தைப் பார்த்தாள். "கண்ணகைதான் ஆரையோ புடிச்சுச் செய்விக்கிறா எண்டு நினைச்சம். இந்த வரிசையில எல்லாரும் அப்பிடித்தான் நினைச்ச. உயிரோட இரிக்கிறா, வரப்போறா எண்டு. மேசனிட்டக் கேட்டா, இல்லயெண்டு சொல்லிருவானோ எண்டு பயத்தில ஒருத்தரும் கேக்கல்ல."

சீதேவிப்பிள்ளை பானையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போனாள்.

கண்ணகை பக்கத்து வீட்டுக்காரி. அவளுடைய புருசன் கடலோடு போய்விட்டான். மிஞ்சியது நிரோஜினி என்ற ஒரே மகள். இந்த வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருசம்கூட ஆகவில்லை, டியூசன் முடிந்து வந்த பெண்ணை இயக்கம் சண்டைக்குப் பிடித்துக்கொண்டு போனது. கண்ணகை வீட்டைப் பூட்டிச் சாவியைச் சீதேவிப்பிள்ளையின் கையில் வைத்தாள். "வீட்டைப் பாத்துக்கங்க அக்கா. புள்ளையோடதான் வருவன்" என்று சொல்லி வாகரைப் பக்கம் போனாள். அங்கிருந்து வன்னிக்குப் போனதாகக் கேள்வி. பிறகு கேள்வியும் இல்லை. இந்த வைகாசியோடு சண்டையும் முடிந்துவிட்டது. முடிந்த விதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் கண்ணகையின் பெயரை எடுப்பதையே விட்டுவிட்டார்கள்.

அன்று சீதேவிப்பிள்ளை சோறு சமைக்கவில்லை. புருசன் வினாயகமூர்த்தி தானே அவித்த மரவள்ளியைத் தின்றுவிட்டு, வாயைத் திறந்தால் ஆபத்து என்று தெரிந்த மனிதனாக, வலையை எடுத்துக்கொண்டு வாவிக்கு இறங்கிவிட்டான்.

ஒரு சீமெந்துப் பூவுக்கு இவ்வளவு ஆட்டமா என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பான். ஆகவே மற்ற ஊர்களில் மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்கிற மாதிரி இங்கே பெண்ணின் வீட்டை விசாரிப்பார்கள். சீதேவிப்பிள்ளைக்கு ஒரே மகள், தனுஷியா. அவள் தவழத் தொடங்கிய நாளிலிருந்தே கடற்கரையில் அவளுக்கென்று ஒரு வீடு எழும்பிக்கொண்டிருந்தது. ஒரு போகத்துக்கு அத்திவாரம், அடுத்த போகத்துக்குச் சுவர் என்று வளர்ந்து, கடைசியில் முகப்பில் பூவேலையும் வைத்து நிமிர்ந்தபோது கடல் வந்தது. "சீதனத்தைக் கடலுக்குக் குடுத்திட்டன்" என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க ஒருவருக்கும் பிடிக்காது.

இப்போது தனுஷியா வந்தாறுமூலையில் கம்பஸில் கடைசி வருசம். குருக்கள்மடத்தில் லக்ஷன் என்று ஒரு பொடியன் பொருந்தி வந்தான். குணமானவன், வேலையும் இருந்தது. கோயிலில் வைத்துப் பெண்ணைப் பார்த்தார்கள், பிடித்தது. எல்லாம் சரியென்று எழும்புகிற நேரத்தில் மாப்பிள்ளையின் தாய் சுலோஜனா, குங்குமத்தை நெற்றியில் வைத்துக்கொண்டே, பெரிய விசயமில்லை என்கிற மாதிரி ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப, தந்த வீட்டையோ தரப்போறீங்க?"

அவ்வளவுதான் கேட்டாள். சீதேவிப்பிள்ளை அன்றைக்கே நோபேட் மேசனைத் தேடிப் போனாள். அவர் மாதா கோயில்களுக்குப் பூவேலை செய்கிறவர், அதனால்தான் கைக்குள் திராட்சைக் கொடி அச்சு இருந்தது. கொடியோ மலரோ, அந்தக் கறுப்புக் கல் தெரியக்கூடாது, வீடு தந்த வீடு மாதிரி இருக்கக்கூடாது, கட்டின வீடு மாதிரி இருக்கவேண்டும். இவ்வளவுதான் அவள் கேட்டது. நோபேட் சொன்ன சொல் தவறவில்லை. கண்ணகை வீட்டின் கறுப்புக் கல்லை ஒரு பெரிய திராட்சைக் குலைக்குள் காணாமல் ஆக்கியிருந்தார்.

மறுநாள் அவள் கண்ணகையின் வளவில் நின்று அந்த வீட்டை நெடுநேரம் பார்த்தாள். பூச்சு காய்ந்து வெள்ளை வெளேரென்று இருந்தது. முந்தானையில் முடிந்திருந்த சாவி அவளுடைய இடுப்பில் இடித்தது.

ஒரு பின்னேரம். வந்து பார்த்து, பலகாரம் தின்று, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகப்போகிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் நோபேட் வந்து இவளுடைய வீட்டிலும் அதே கொடியை ஒட்டிவிடுவார். பிறகு எந்த வீடு எதுவென்று அந்தக் குருக்கள்மடத்தாருக்கு என்ன தெரியப் போகிறது? இதில் களவு எங்கே இருக்கிறது? இரவல்தானே! உப்பும் புளியும் இரவல் வாங்கவில்லையா? இப்படியெல்லாம் கேட்டுக்கொண்டவள், ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அவளுக்குத் தெரியும். கண்ணகை இனி வரமாட்டாள் என்று அவள் முடிவு கட்டிவிட்டிருந்தாள்.

வியாழக்கிழமை வந்திறங்கிய தனுஷியா விசயத்தைக் கேட்டுத் திகைத்துப் போனாள். "அம்மா, பக்கத்து வீட்டையா எனக்குச் சீதனம் தாறீங்க?"

"ஒரு பின்னேரத்துக்குத்தான். வாயைப் பொத்திக்கொண்டு விளக்குமாத்தை எடு."

மக்டலின் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனால் கதிரைகளும் நல்ல கோப்பைகளும் கேட்டபோது தந்தாள். பெண்பிள்ளை காரியமல்லவா.

பூட்டு துருப்பிடித்திருந்தது. தேங்காயெண்ணெய் விட்டுத் திறந்தார்கள். உள்ளே வௌவால் மணம். பெரிதாக ஒன்றும் இல்லை. சுவாமி படம், பாய், உப்புப் போட்டு அடைத்த புளிப் பானை. முன்னறையின் நடுவில் மட்டும், அந்தக் காலத்தில் நிறுவனங்கள் எல்லாருக்கும் கொடுத்த தையல் மெசின் ஒன்று, மேலே சீலை போர்த்தி நின்றது. சீதேவிப்பிள்ளை சீலையை இழுத்தாள். மெசினில் ஒரு வெள்ளைப் பள்ளிக்கூடச் சட்டை பாதி தைத்தபடி கிடந்தது. ஊசி துணியில் இறங்கியபடி அப்படியே நின்றது. பிள்ளையைப் பிடித்துவிட்டார்கள் என்று யாரோ ஓடிவந்து சொன்ன நேரத்தில் எழும்பியவள், ஊசியை மேலே தூக்கவும் இல்லை.

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. துணியை எடுக்காமல், ஊசியைத் தூக்காமல், மெசினை அப்படியே இரண்டு பக்கமும் பிடித்துக் கொண்டுபோய்ப் பின்னறையில் வைத்தார்கள். சீதேவிப்பிள்ளை அதன்மேல் சீலையைத் திரும்பப் போர்த்தினாள். அப்போதே அந்த எண்ணத்தை விட்டிருக்கலாம். விடவில்லை. மகளின் முகத்தைப் பார்த்தாள், முற்றத்தைக் கூட்டப் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வான் ஒன்று வந்து நின்றது. சுலோஜனா இறங்கினாள். அவளுடைய தமையன் கதிர்காமத்தம்பி இறங்கினார். தாய்மாமன் என்றால் கல்யாணத்தில் பாதிப் பேச்சு அவருடையது, அது அவர் நடையிலேயே தெரிந்தது. இருவரும் முற்றத்தில் நின்று வீட்டை அண்ணாந்து பார்த்தார்கள்.

"வேலைப்பாடு நல்லாரிக்கி" என்றார் கதிர்காமத்தம்பி. "அது என்ன, தாராவா?"

"அன்னம்" என்றாள் சீதேவிப்பிள்ளை.

"ஓம், ஓம். அன்னம்."

சுலோஜனா வாசல் பக்கத்துச் சுவரைத் தடவிப் பார்த்தாள். திராட்சைக் குலையில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு உள்ளே போய்க் கதிரையில் உட்கார்ந்தாள். வினாயகமூர்த்தி தன் சொந்த வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தான். பலகாரத் தட்டம் வந்தது. தனுஷியா பட்டுச் சேலையில், தலையைக் குனிந்தபடி, தேத்தண்ணித் தட்டோடு முன்னறைக்கு வந்தாள்.

அந்த நேரத்தில்தான் கடப்படியில் ஒருத்தி வந்து நின்றாள்.

கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. முகாமில் கொடுத்த, அளவில்லாத ஒரு சட்டை. வவுனியா முகாம்களிலிருந்து கிழக்குமாகாண ஆட்களை விடத் தொடங்கியிருக்கிறார்கள் என்று ரேடியோவில் சொன்னது உண்மைதான் போலிருக்கிறது. அவள் இந்த வீட்டைப் பார்த்தாள். பக்கத்து மொட்டை வீட்டைப் பார்த்தாள். வரிசையின் தொடக்கத்திலிருந்து விரலால் எண்ணினாள். திரும்பிப் போகப்போகிறவள் மாதிரி ஒரு அடி பின்னால் வைத்தாள். அப்போது திறந்திருந்த வாசலுக்குள், கதிரைகளுக்கு நடுவே, குனிந்த தலையோடு நிற்கிற ஒரு பெண்பிள்ளை தெரிந்தாள்.

பை அப்படியே விழுந்தது. கண்ணகை முற்றத்தைக் கடந்து ஓடிவந்தாள்.

"நிரோ! எனக்கு முதல் வந்திட்டாளா, அக்கா? என்ட புள்ள எனக்கு முதலே வந்திட்டாளா? வீட்டையெல்லாம் சோடிச்சு... நான் சாகிறதுக்குள்ள..."

தனுஷியா தலையை நிமிர்த்தினாள்.

கண்ணகை அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வாய் திறந்தபடி இருந்தது. அது தன் மகளில்லை என்பது அவளுக்கு மெதுமெதுவாகத்தான் போய்ச் சேர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் எல்லாருக்கும் அது தெரிந்தது.

மாப்பிள்ளை பகுதி கேட்கக்கூடிய எல்லாக் கேள்விக்கும் சீதேவிப்பிள்ளை பதில் தயாரித்து வைத்திருந்தாள். இதற்கு வைத்திருக்கவில்லை. ஆனாலும் ஒரு பதில் தானாகவே நாக்குவரை வந்தது: பக்கத்து வீட்டு மனிசி, முகாமில இருந்து வந்தவ, பாவம், தலை கொஞ்சம் சரியில்ல. அதைச் சொன்னால் நம்பிவிடுவார்கள். அப்படி எத்தனை பேர் வந்துகொண்டிருந்தார்கள்! சுலோஜனா சீதேவிப்பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணகையைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போய்விட்டால் போதும். மகளின் வாழ்க்கை அந்த ஒரு வார்த்தையில் நின்றது.

சீதேவிப்பிள்ளை அந்த வார்த்தையை விழுங்கினாள். முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். முடிச்சு இலேசில் அவிழவில்லை.

"கண்ணகை, இது தனுஷியா. என்ட மகள். உன்ட புள்ள இன்னும் வரல்ல" என்றாள். சாவியை அவளுடைய உள்ளங்கையில் வைத்து மூடினாள். பிறகு கதிரைகளின் பக்கம் திரும்பினாள். "இது இவட வீடு. எங்கட வீடு அந்தா, பக்கத்தில நிக்கிற மொட்டை வீடு. மேசன் வீடு மாறி இதுக்குச் செஞ்சிட்டான். இவ வரமாட்டா எண்டு நினைச்சு நான் தொறந்து வெச்சிட்டன்."

சொல்லி முடித்தபிறகுதான் கடைசியாகச் சொன்னது என்னவென்று அவளுக்கே கேட்டது.

கதிர்காமத்தம்பி எழும்பிவிட்டார். "இதென்ன விளையாட்டு? ஊரான் வீட்டைக் காட்டிப் பொண்ணுக் குடுக்கப் பாக்கிறயளா? எழும்பு தங்கச்சி, போவம்."

சுலோஜனாவும் எழும்பினாள். ஆனால் வாசலுக்குப் போகாமல், தான் இருந்த கதிரையை இழுத்துக் கண்ணகையின் பக்கம் வைத்தாள். "நீங்க இரிங்க" என்றாள்.

கண்ணகை இருக்கவில்லை. சுற்றிவரப் பார்த்தாள். கூட்டின தரையைப் பார்த்தாள், கோப்பைகளைப் பார்த்தாள். தன் வீட்டில் ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அப்போதுதான் பட்டது போலும்.

"வந்தவங்களுக்குத் தேத்தண்ணி குடுத்தியளா, அக்கா?" என்று கேட்டாள்.

கொஞ்ச நேரத்தில் வான் போகிற சத்தம் கேட்டது. மக்டலின் வந்து கண்ணகையைக் கட்டிப்பிடித்து அழுதாள். கண்ணகை அழவில்லை. பின்னறைக்குப் போய் மெசின் மேலிருந்த சீலையை நீக்கினாள். குனிந்து ஊசியைப் பார்த்தாள்.

"எடுக்கல்லத்தானே?"

"தொடல்ல" என்றாள் சீதேவிப்பிள்ளை. "மெசினோட தூக்கித்தான் இஞ்ச வெச்சம்."

"ஆ" என்றாள் கண்ணகை. அதற்குமேல் ஏசினால்கூடச் சீதேவிப்பிள்ளைக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கண்ணகை ஏசவில்லை. கடைசி மாதத்தில், செல்லடிக்கு நடுவே, மகளைத் தூரத்தில் ஒருதரம் கண்டதாகவும், கூப்பிட்டதாகவும், சனத்துக்குள் தவறவிட்டதாகவும் சொன்னாள். தப்பி வந்தால் நேரே வீட்டுக்குத்தான் வருவாள் என்று நினைத்துக்கொண்டே தானும் வந்ததாகச் சொன்னாள். அன்று அந்த வீட்டுக்குச் சோறு சீதேவிப்பிள்ளையின் அடுப்பிலிருந்து போனது. பிறகும் பல நாள் அப்படியே போனது.

சம்பந்தம் முறிந்துவிட்டது என்றே எல்லாரும் எண்ணினார்கள். தனுஷியா ஒரு சொல்லும் சொல்லாமல் கம்பஸுக்குப் பஸ் ஏறினாள். அது சீதேவிப்பிள்ளையை இன்னும் வாட்டியது. வாவிக்கரையில் போய் உட்கார்ந்து, யாரும் பார்க்காத நேரத்தில் நன்றாக அழுதுவிட்டு வந்தாள்.

அப்படியிருக்க ஒருநாள் கதிர்காமத்தம்பி தனியாகச் சைக்கிளில் வந்தார். வேப்பிலை தின்றவர் மாதிரி முகம். இந்தமுறை மொட்டை வீட்டின் வாசலில்தான் நின்றார். கறுப்புக் கல்லை முழுவதும் வாசித்தார்.

"தங்கச்சி சொல்லிவிட்டதைச் சொல்றன். எனக்கு இதில அவ்வளவு விருப்பமில்ல, அதையும் சொல்லிப்போட்டன். பூவும் வேணாம், கொடியும் வேணாமாம். அண்டைக்கு உங்கட வாய்வரைக்கும் ஒரு பொய் வந்ததாம், நீங்க அதை முழுங்கினத அவ கண்டாவாம். அப்பிடியான மனிசிர வீட்டில மகன் இரிக்கட்டுமாம். ஆவணி முடியிறதுக்குள்ள ஒரு நாள் பாக்கட்டாம்."

சீதேவிப்பிள்ளை அவரை இருக்கச் சொல்லவும் மறந்து நின்றாள். வினாயகமூர்த்திதான் ஓடிப்போய்க் கதிரை கொண்டுவந்தான். அன்றைக்குப் பிடித்த இறால் முழுவதும் கதிர்காமத்தம்பியின் சைக்கிளில் ஏறிப் போனது.

சொன்ன சொல் மாறாமல், திருநாள் முடிந்ததும் நோபேட் அச்சுகளோடு வந்தார். இந்தத் தடவை வரிசையில் கண்ட எல்லாரிடமும் சீதேவிப்பிள்ளை வீடு எது, சீதேவிப்பிள்ளை வீடு எது என்று கேட்டுக் கேட்டு வந்தார். சாரத்தைக் கட்டத் தொடங்கும்போது கண்ணகை பக்கத்து வளவிலிருந்து கூப்பிட்டாள்.

"மேசன், முதல்ல இதை எடுங்க."

"எதை?"

"எல்லாத்தையும். கொடி, பூ, தாரா, எல்லாத்தையும்."

நோபேட்டுக்கு முகம் சுருங்கிவிட்டது. "இது அன்னம், தங்கச்சி. நல்ல வேலை. செவரும் பழுதாப் போகும்."

"நல்ல வேலைதான். நான் குறை சொல்லல்ல." கண்ணகை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "அவள் மொட்டை வீட்டில இருந்துதான் போனவள். வந்தா மொட்டை வீட்டைத்தான் தேடுவாள். இப்பிடிச் சோடிச்ச வீட்டைக் கண்டா, ஆரோ குடிவந்திட்டாங்க, அம்மா இல்ல எண்டு நினைச்சுக் கடப்படியோட திரும்பிப் போயிருவாள். நானே அண்டைக்குத் திரும்பப் பாத்தன்."

நோபேட் வேறு கதை பேசவில்லை. உளியையும் சுத்தியலையும் எடுத்தார். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது சீதேவிப்பிள்ளை. முதலில் திராட்சைக் குலைகள் விழுந்தன, பிறகு தாமரை, பிறகு தாராக்கள் இரண்டும். அவர் சொன்ன மாதிரியே சுவரும் கூட வந்தது. காயம்பட்ட இடங்களையெல்லாம் பூசிவிட்டு, அதே வெளிர்பச்சையைத் தேடிப் பிடித்து அடித்தார். கறுப்புக் கல்லைக் கழுவித் துடைத்தபோது பழைய எழுத்துகள் பழையபடி தெரிந்தன. கண்ணகை கடப்படியில் போய் நின்று, பஸ்ஸால் இறங்கி வருகிறவளுக்கு எப்படித் தெரியும் என்று பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினாள்.

"அப்ப உங்கட வீட்டைத் தொடங்குவமா அக்கா?" என்று கேட்டார் நோபேட். அச்சுச் சாக்கு அவிழ்க்காமல் கிடந்தது.

சீதேவிப்பிள்ளை இரண்டு வீட்டையும் பார்த்தாள். அந்தப் பூவேலைக்காக அவள் ஆடிய ஆட்டம் அவளுக்கு மறக்கவில்லை. இப்போதும் அதில் ஆசை இல்லையென்று சொன்னால் அது பொய்.

"வேணாம் மேசன். அவள் போகக்குள்ள பக்கத்து வீடும் மொட்டையாத்தான் இருந்த. அந்த அடையாளத்தையும் கெடுப்பானேன்? ரெண்டும் இப்பிடியே இரிக்கட்டும். நிரோ வந்த பொறகு பாப்பம்."

தனுஷியாவின் கல்யாணம் அந்த மொட்டை வீட்டில்தான் நடந்தது. லக்ஷன் தன் உடுப்புப் பெட்டியோடு வந்து அங்கேதான் குடியேறினான். சுலோஜனா வரும்போதெல்லாம் சம்பந்தியோடு கொஞ்ச நேரம் பேசிவிட்டு, பக்கத்து வீட்டில் கண்ணகையோடு அதிக நேரம் பேசிவிட்டுப் போவாள். அதில் சீதேவிப்பிள்ளைக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு.

பிறகு காலம் மாறியது. அந்த வரிசையில் ஆளாளுக்கு வீட்டை இழுத்துக் கட்டினார்கள். ஒருவர் முன்னால் தூண் வைத்தார், மற்றவர் மதிலில் சிங்கம் வைத்தார், மக்டலின் வாசலுக்கு மேலே மாதா கூடு வைத்தாள். பாதிக்குமேல் நோபேட்டின் கைவேலை. இப்போது ஒருவரும் வீடு மாறி ஏறுவதில்லை. நடுவில் இரண்டு வீடுகள் மட்டும் வெளிர்பச்சையில், கறுப்புக் கல்லோடு, தந்தபடியே நிற்கின்றன. பச்சை மங்கினால் அதே பச்சையைத் திரும்ப அடிக்கிறார்கள்.

தனுஷியாவின் மூத்த பிள்ளை இந்த வருசம் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது. வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தது கண்ணகைதான், வேறொரு மெசினில். நோபேட்டுக்கு வயசாகிவிட்டது. ஆனாலும் அந்த வழியால் போகும்போதெல்லாம் சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு, "எப்ப அக்கா கொடி வைக்கிற?" என்று கேட்பார்.

"இன்னும் வரல்ல மேசன்" என்பாள் சீதேவிப்பிள்ளை.